துரையின் ஒஸ்டினுக்கு ஒரு கொழுந்துக்காரி

"ஒங்கம்மாவையும் வரச் சொல்லு கிருஷா. குடும்பமா போவோம்" என்று பஸ்தியாம்பிள்ளை சொன்னபோது கிருஷாந்தினி அவருக்கு முன்னால் தேநீரை வைத்துக்கொண்டிருந்தாள்.   கல்யாணமாகி இரண்டு வருடத்தில் மாமனாரின் வாயிலிருந்து அவளுடைய தாயைப் பற்றி ஒரு வார்த்தை வந்தது அன்றுதான்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாத்தளை டவுனில், சர்ச்சுக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிறது. பஸ்தியாம்பிள்ளையின் தகப்பன் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஹெட் கிளாக்கராக இருந்தவர். அந்தத் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை கப்பலேறியபோது அவருடைய ஒஸ்டின் கார் கிளாக்கரின் கைக்கு வந்தது. காரோடு துரையின் மூக்கும் நடையும்கூட வந்து சேர்ந்துவிட்டதாக அந்தக் குடும்பத்துக்கு ஒரு நினைப்பு. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் குத்திச் சாப்பிடுகிற வீட்டை வேறு எப்படிச் சொல்வது?

கிருஷாந்தினி தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசையில், ஒற்றை அறைக் காம்பராவொன்றில் பிறந்தவள். தகப்பன் இல்லை. தாய் சந்திரகாந்தா இன்றைக்கும் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறவள். பறித்துத்தான் மகளைப் படிக்கவைத்தாள். மகள் உக்குவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். அதே ஊரில் வேலை பார்த்த பஸ்தியாம்பிள்ளையின் மகன் ஜெயகாந்த் தினமும் பஸ்ஸில் அவளைப் பார்த்து, காதலித்து, வீட்டில் ஒரு மாதம் சாப்பிடாமல் கிடந்து சண்டை போட்டுக் கட்டிக்கொண்டான். அந்தச் சண்டையோடு அவனிடமிருந்த தைரியமெல்லாம் செலவாகிப் போயிற்று. மாமியாரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்ற சிக்கல் வராமல் இருக்க அவன் அவளை ஒருநாளும் கூப்பிட்டதே இல்லை.

இப்போது கிருஷாந்தினிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் வழக்கம். மாமியார் சவரியம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுப் பிள்ளைய லயத்துக் காம்பராவுல கிடத்த ஏலாது" என்று முடித்துவிட்டாள். சரி, தாய் இங்கே வந்து கூட இருக்கட்டும் என்று கிருஷாந்தினி கேட்டுப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். ஜெயகாந்தைக் கொண்டு கேட்கவைத்தாள். சவரியம்மா மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. பேச்சை மாற்றிவிட்டு எழுந்து போவாள். வலி வரும்போது பக்கத்தில் அம்மா இருக்கவேண்டும். கிருஷாந்தினிக்கு அந்த நாட்களில் இதைத் தவிர வேறு ஆசையே இல்லை. பயம் அவளை அப்படிப் பிடித்திருந்தது.

அதனால்தான் அந்த அழைப்பு அவளுக்குத் தேவலோகத்திலிருந்து வந்தது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டவுன் மைதானத்தில் பழைய கார், பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சி. ஒஸ்டின் போட்டிக்குப் போகிறது. குடும்பமாகப் போகப் போகிறார்கள். அந்தக் குடும்பத்தில் அம்மாவும் ஒருத்தி.

அன்றிரவே தாய்க்குப் போன் எடுத்தாள்.

"அவரே சொன்னாரா?" என்று சந்திரகாந்தா திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அவரேதாம்மா சொன்னாரு. நல்லா பேசிப் பழகுங்க. அன்னிக்கு எல்லாம் நல்லபடியா போச்சுன்னா, பிரசவத்துக்கு ஒங்கள இங்க வச்சிக்க நானே மாமாகிட்ட கேட்டுருவேன்."

"நான் வாயே தொறக்க மாட்டேன் பாப்பா. நீ பயப்புடாத."

வாயைத் திறக்க மாட்டேன் என்று சந்திரகாந்தா சொன்னது சாதாரண விஷயமில்லை. தோட்டத்தில் அவள் மாதர் சங்கத் தலைவி. கொழுந்து நிறுக்கும்போது தராசில் விரல் வைத்த கணக்குப்பிள்ளையை நடுரோட்டில் நிறுத்தி, அவன் சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிற அளவுக்குக் கேட்டவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒஸ்டினில் போய் அம்மாவைச் சந்தியில் ஏற்றிக்கொண்டு வரலாமா என்று கிருஷாந்தினி கேட்டாள். மெழுகு போட்டுத் துடைத்த வண்டியில் தூசி பட்டால் மார்க் குறையும் என்றார் பஸ்தியாம்பிள்ளை. நியாயமான காரணமாகத்தான் பட்டது. சந்திரகாந்தா பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து மைதானத்து வாசலுக்கு வந்தாள். மகளின் கல்யாணத்துக்கு எடுத்த ரோஸ் நிறச் சேலை. சர்ச்சில் கடைசி வாங்குப் பெஞ்சில் உட்கார்ந்து கசங்கியதற்குப் பிறகு அது வெளியே வந்தது இன்றுதான். கையில் ஒரு டிபன் பெட்டி. மகளுக்கு ஆசையென்று அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும்.

மைதானம் திருவிழா மாதிரி இருந்தது. வாசலிலேயே மோட்டார் சைக்கிள் வரிசை. நோர்ட்டன், பி.எஸ்.ஏ., பெயர் தெரியாத இன்னும் பல. சொந்தக்காரர்கள் அவற்றைச் சும்மா விட்டால்தானே. ஒருவன் உதைத்துக் கிளப்பினால் பக்கத்தில் இருப்பவனும் கிளப்புவான். புகைக்குள் நின்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் கார்கள். மொரிஸ் மைனர் குட்டிகள், ஒரு பெரிய ஹம்பர், மூக்கு நீண்ட ஒரு ஜாகுவார். ஒலிபெருக்கியில் சிங்களப் பாட்டு. சவ்சவ் வடை, ஐஸ் பழம். பிள்ளைகள் கார் கண்ணாடிகளில் முகம் பார்த்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தன.

ஒஸ்டின் ஒரு மாமரத்தடியில் நின்றது. பஸ்தியாம்பிள்ளை அதன் பக்கத்தில் நின்றார். கிருஷாந்தினிக்கு முதலில் ஆளையே தெரியவில்லை. காக்கி அரைக் காற்சட்டை, முழங்கால்வரை வெள்ளை மேஸ் காலுறை, தலையில் துரைமார் போடுகிற வெள்ளைத் தொப்பி, வாயில் பற்றவைக்காத பைப். எழுபது வயது மனிதரின் முழங்கால்களை அந்த மைதானத்தில் யாரும் பார்க்க விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"காலத்துக்கேத்த அலங்காரம்னு ஒரு போட்டி இருக்கு" என்று ஜெயகாந்த் மனைவியிடம் சொன்னான். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துச் சொன்னான். "வண்டிய மட்டும் பார்க்க மாட்டாங்களாம். அந்தக் காலத்த அப்படியே காட்டணுமாம்."

சந்திரகாந்தா கைகூப்பினாள். "வணக்கங்க ஐயா. வணக்கங்கம்மா."

"வாங்க வாங்க" என்றாள் சவரியம்மா. குரல் தேனாக இருந்தது. கார் டிக்கியைத் திறந்து ஒரு பையை எடுத்தாள். உள்ளே அவளுடைய பழைய நூல் சேலை ஒன்று. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற படங்குச் சாக்கு. டிக்கிக்குள்ளே, வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்ட வைத்திருந்த கொழுந்துக் கூடை ஒன்று, தலைக்கயிறோடு. "அந்தப் பக்கம் டொய்லெட் இருக்கு. போய் இத மாத்திக்கிட்டு வாங்க. ஜட்ஜ்மார் வர்ற நேரம்."

கிருஷாந்தினிக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. துரையின் காருக்குப் பக்கத்தில் ஒரு கொழுந்துக்காரி நிற்கவேண்டும். அதற்காகத்தான் அழைப்பு.

"மாமி, வேற யாரையாவது..."

"வேஷம் கட்டுனா ஜட்ஜ் கண்டுபிடிச்சிருவாங்களாம். அசலா இருந்தா மார்க் கூடவாம்" என்றாள் சவரியம்மா. பிறகு மருமகளின் வயிற்றை அன்போடு தடவிவிட்டாள். "ஒனக்கு இப்ப வயிறு தெரியுது. இல்லாட்டி மாமா ஒன்னையே நிறுத்தியிருப்பாரு."

கிருஷாந்தினி கணவனைப் பார்த்தாள். அவன் குனிந்து டயரின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

சந்திரகாந்தா பையைக் கையில் வாங்கினாள். சங்கத் தலைவியின் முகம் ஒரு கணம் அவளிடம் வந்து போனது. பிறகு மகளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். "பாப்பா, நான் இத கட்டிக்கிட்டு நின்னா ஒனக்கு நல்லதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாங்கம்மா, பஸ் ஏறுவோம் என்று சொல்லியிருக்கலாம். கிருஷாந்தினி யோசித்தது வேறு. இப்போது மறுத்தால் மாமாவின் முகம் கறுக்கும். கறுத்தால் பிரசவ அறைக்கு வெளியே அம்மா இருக்க மாட்டாள்.

"கொஞ்ச நேரந்தானேம்மா" என்றாள்.

சந்திரகாந்தா தலையாட்டிவிட்டுப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். ரோஸ் சேலையை நான்காக மடித்து மகளிடம் கொடுத்தாள். மைதானத்து வேலியில் பிடுங்கிய இலைகளைப் போட்டுக் கூடையை நிரப்பி வைத்திருந்தார் பஸ்தியாம்பிள்ளை. அவள் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு காரின் முன்விளக்குக்குப் பக்கத்தில் நின்றாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் நின்றார்கள். போன்கள் உயர்ந்தன. சந்திரகாந்தா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடுவர் கொழும்பிலிருந்து வந்தவர். வெள்ளைத் தாடி, வெள்ளை உடுப்பு, பின்னால் இரண்டு மூன்று உதவியாளர்கள், கூடவே விருந்தாளியாக ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி. ஒஸ்டினைச் சுற்றி வந்து பார்த்தார். எஞ்சினைத் திறந்து பார்த்தார். சந்திரகாந்தாவைப் பார்த்து "அருமை" என்றார். பிறகு பஸ்தியாம்பிள்ளையைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"மாத்தயா, எல்லாம் பொருத்தமா இருக்கு" என்று சிங்களத்தில் சொன்னார். "ஆனா அந்தக் காலத்துத் துரை இந்த நிறத்துலயா இருந்தாரு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பஸ்தியாம்பிள்ளையும் சிரித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

நடுவர் கெட்ட மனிதரில்லை. உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார். பஸ்தியாம்பிள்ளையின் தலையிலிருந்து தொப்பியைத் தானே எடுத்து வெள்ளைக்காரனின் தலையில் வைத்தார். பைப்பையும் வாங்கிக் கொடுத்தார். அவனைக் காருக்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்தார். வெள்ளைக்காரன் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டு ஹோர்ன் அடித்தான். அந்த ஆசனத்தில் பஸ்தியாம்பிள்ளையையும் மெக்கானிக்கையும் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. ஜெயகாந்த்கூட உட்கார்ந்ததில்லை.

"நீங்க கணக்குப்பிள்ளையா நில்லுங்க. அதுதான் பொருந்தும். யாருகிட்டயாவது ஒரு கோட்டும் குடையும் இருக்கா?"

"எங்க அப்பா ஹெட் கிளாக்கர்..." என்று பஸ்தியாம்பிள்ளை ஆங்கிலத்தில் தொடங்கினார். கணக்குப்பிள்ளை மலையில் நிற்கிறவன், ஹெட் கிளாக்கர் கந்தோரில் மேசை போட்டு இருக்கிறவர், இரண்டும் ஒன்றில்லை என்று விளக்க நினைத்தார். அந்த வித்தியாசத்தின் மேல்தான் அவருடைய வீடே கட்டப்பட்டிருந்தது. யாரும் கேட்கவில்லை. எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கோட்டு வந்தது. குடை வந்தது. அவர் "யெஸ் சேர்" என்று சொல்லிக் கோட்டுக்குள் கைகளை நுழைத்தார்.

"சும்மா நின்னா சரியில்ல. ஏதாவது செய்யுங்க. கொழுந்து பார்க்கிற மாதிரி. வேலை வாங்குற மாதிரி" என்றார் நடுவர்.

பஸ்தியாம்பிள்ளை சந்திரகாந்தாவின் பக்கம் திரும்பினார். அந்த மைதானத்தில் அவருக்குக் கீழே இருந்தது அவள் ஒருத்திதான். அவமானப்பட்டவனுக்கு ஒரு ஆள் கையில் கிடைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

"ஏய், இங்க வாடி."

சந்திரகாந்தா கிட்டப் போனாள்.

"என்னடி இது?" கூடைக்குள் குடையை விட்டுக் கிளறினார். "எல்லாம் முத்தல் எல. காலையில இருந்து என்ன புடுங்குன? வாய் பார்த்துக்கிட்டு நின்னியா?"

கூட்டம் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்குகிற குரல் அது. நடுவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பஸ்தியாம்பிள்ளைக்கு உற்சாகம் ஏறியது. இந்தப் பாடத்தை அவர் படிக்கவே தேவையில்லை. சின்ன வயதில் கந்தோர் வாசலில் நின்று கேட்ட சத்தமெல்லாம் தொண்டையிலேயே இருந்தது.

"ஒம் பேர் என்னடி?"

"சந்திரகாந்தாங்க ஐயா."

"ஓஹோ. பேரப் பாரு. மகாராணி வந்திருக்கா."

கிருஷாந்தினி இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். சவரியம்மாதான் எடுக்கச் சொல்லியிருந்தாள். திரைக்குள் அம்மா சின்னதாகத் தெரிந்தாள். போனைக் கீழே இறக்கினால் நேராகப் பார்க்கவேண்டி வரும். அதனால் அவள் இறக்கவில்லை.

"இன்னொரு தடவை. காமரா இந்தப் பக்கம்" என்றார் நடுவர்.

இரண்டாம் தடவை பஸ்தியாம்பிள்ளை குடைப்பிடியால் கூடையை ஓங்கித் தட்டினார். கயிறு சந்திரகாந்தாவின் தலையிலிருந்து நழுவி, கூடை கவிழ்ந்து, இலையெல்லாம் செம்மண்ணில் கொட்டியது. அவள் கழுத்து ஒருபக்கமாக இழுபட்டதை எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் அது நடிப்பில்லை என்று தோன்றவில்லை. அவள் மண்டியிட்டு இலைகளை அள்ளினாள்.

"அள்ளு. ஒன்னு விடாம அள்ளு. இன்னிக்கு ஒனக்கு அரைப் பேர்தான்."

பறித்த கொழுந்து போதாது என்று பாதி நாள் சம்பளத்தை வெட்டுவதுதான் அரைப் பேர். தோட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் வயிறு எரியும். சந்திரகாந்தாவுக்கு எத்தனையோ தடவை அதைப் போட்டிருக்கிறார்கள். ஒருதடவையாவது அவள் பேசாமல் இருந்ததில்லை. சண்டை பிடித்திருக்கிறாள், பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கந்தோர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்த்து வளர்ந்தவள் கிருஷாந்தினி. இப்போது அம்மா எழுந்து நிற்பாள் என்று நினைத்தாள். எழுந்து விடுவாளோ என்று பயந்தாள். இரண்டில் பயம்தான் பெரிதாக இருந்தது.

"மன்னிச்சுக்கங்க ஐயா" என்றாள் சந்திரகாந்தா. "நாளைக்கு நல்லா பறிக்கிறேங்க."

கூட்டம் விசிலடித்தது. வெள்ளைக்காரன் காருக்குள்ளிருந்து தொப்பியை ஆட்டினான்.

நடுவர்கள் அடுத்த காருக்குப் போனதும் படம் எடுக்கிறவர்கள் வரிசையாக வந்தார்கள். கொழுந்துக்காரியின் தோளில் கை போட்டு எடுத்தார்கள். கூடையை வாங்கித் தங்கள் தலையில் மாட்டி எடுத்தார்கள். அந்த வரிசையில் ஹிதாயா வந்தாள். உக்குவளைப் பள்ளிக்கூடத்தில் கிருஷாந்தினியோடு படிப்பிக்கிற டீச்சர். அவளுடைய கணவன் புஹாரி தன் பழைய பி.எஸ்.ஏ.யைக் கொண்டுவந்திருந்தான்.

"கிருஷா டீச்சர், நீங்களுமா? இது ஒங்க மாமாட காரா? மாஷா அல்லாஹ், எவ்வளவு வடிவு." ஹிதாயா சந்திரகாந்தாவைப் பார்த்தாள். "இந்த அம்மா நல்லா செஞ்சாங்க. எங்கேருந்து கூட்டி வந்தீங்க? ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

கிருஷாந்தினியின் வாய் திறந்தது. என்ன சொல்லப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் சந்திரகாந்தா முந்திக்கொண்டாள்.

"தோட்டத்துலருந்துங்க. ஐயா கூலிக்குக் கூப்புட்டாங்க."

"அப்படியா. வாங்க டீச்சர், மூணு பேரும் ஒண்ணா எடுப்பம். புஹாரி, ஒழுங்கா புடிங்க."

ஹிதாயா நடுவில் நின்றாள். ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் மகள். மூக்கும் நெற்றியும் அச்சாக ஒன்று. புஹாரி போனுக்குள் பார்த்து, தலையை நிமிர்த்தி இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்து, மறுபடி போனுக்குள் குனிந்து படத்தை எடுத்தான். கிருஷாந்தினி சிரித்தாள். அம்மா காப்பாற்றிவிட்டாள் என்று மனதுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நிம்மதி போகவில்லை.

பின்னேரம் முடிவு சொன்னார்கள். அலங்காரப் போட்டியில் ஒஸ்டினுக்கு முதலாமிடம். மேடைக்குப் போய்க் கோப்பையை வாங்கும்போது அறிவிப்பாளர் "கணக்குப்பிள்ளை ஐயா" என்றே கூப்பிட்டார். வாங்கிக்கொண்டு வந்த பஸ்தியாம்பிள்ளை அதைச் சவரியம்மாவின் மடியில் வைத்தார். பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"அவங்களையும் ஏறச் சொல்லு" என்றார் ஜெயகாந்திடம்.

சந்திரகாந்தா ஒஸ்டினில் ஏறினாள். சேலை மாற்றிக்கொள்ள நேரமிருக்கவில்லை. படங்கோடு பின் ஆசனத்தின் நுனியில் உட்கார்ந்தாள். கார் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் என்று கிருஷாந்தினி நினைத்தாள். நிற்கவில்லை. நேராக வீட்டுக்குப் போனது. அவள் அம்மாவின் கையைப் பிடித்தாள்.  இவ்வளவும் பொறுத்துக்கொண்டதற்குப் பலன் வரப்போகிறது.

வந்தது. வீட்டு ஹோலில் பஸ்தியாம்பிள்ளை கதிரையில் உட்கார்ந்து, வெள்ளை மேஸைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"கிருஷா, ஒங்கம்மா பிரசவத்துக்கு மட்டுமில்ல, அதுக்குப் பொறகும் இங்கயே இருக்கட்டும். நானும் மாமியும் மைதானத்துலயே பேசிக்கிட்டோம். குசினிக்குப் பின்னால காம்பரா சும்மாதானே இருக்கு."

கிருஷாந்தினிக்கு அழுகை வந்துவிட்டது. "தேங்க்ஸ் மாமா."

"பொறு. நான் சொல்றதக் கேளு." அவர் குரல் கோபமாக இல்லை. நியாயம் பேசுகிற குரலாக இருந்தது. "இன்னிக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னால நான் இவங்கள வாடி போடின்னு பேசிட்டேன். டவுன் முழுக்கப் பார்த்திருச்சு. வீடியோவெல்லாம் போயிருக்கும். இனிமே இவங்க எங்க சம்பந்தின்னு சொன்னா என்ன ஆகும்? சம்பந்தியையா இந்த மனுசன் அப்படி ஏசினான்னு கேப்பாங்க. எனக்கு சர்ச்சுல தலகாட்ட ஏலாது. அதனால யாரு கேட்டாலும் வேலைக்கு வந்த ஆள்தான். ஒன்னோட டீச்சருக்கும் அப்படித்தானே சொல்லியிருக்கு. வெளியில ஒண்ணு உள்ள ஒண்ணுன்னு வச்சா என்னைக்காவது வாய் தவறும். வீட்டுக்குள்ளயும் அப்படியே பழகிக்கணும். பொறக்கப் போற பிள்ளையும் அப்படியே பழகட்டும்."

 கிருஷாந்தினி ஜெயகாந்தைப் பார்த்தாள். அவன் கோப்பையை ஷோகேஸில் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குத்தானே" என்றான்.

"ஏலாதுன்னா பரவாயில்ல" என்றாள் சவரியம்மா. "கடைசி பஸ் இன்னும் இருக்கு. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில நேர்ஸ்மார் இருக்காங்கதானே."

கிருஷாந்தினி தாயைப் பார்த்தாள். நீங்களே கோபப்பட்டு எழுந்து போய்விடுங்களேன் அம்மா என்று அவள் கண் கெஞ்சியது. போய்விடாதீர்கள் என்றும் அதே கண்தான் கெஞ்சியது. எதைச் சந்திரகாந்தா படித்தாளோ.

"பிள்ளைய தூக்க விடுவீங்களாம்மா?" என்று சவரியம்மாவிடம் கேட்டாள்.

"அதுக்கென்ன. கை கழுவிட்டுத் தூக்கலாம்."

"அப்ப சரிங்க."

அவ்வளவுதான். பஸ்தியாம்பிள்ளை மேஸைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து குளிக்கப் போனார். இத்தனை நாளாகக் கிருஷாந்தினி கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டதற்கு மேலேயே கிடைத்திருந்தது. அவர்களுடைய சப்பாத்துகளிலிருந்து உதிர்ந்த மைதானத்துச் செம்மண் ஹோல் முழுக்கக் கிடந்தது. சந்திரகாந்தா அதைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மகளுக்கு முன்னால் இரண்டு அடி தள்ளி வந்து நின்றாள். வேலைக்காரிகள் வீட்டு எஜமானியைக் கூப்பிடுகிற சொல்லால் மகளைக் கூப்பிட்டாள்.

"நோனா, வெளக்குமாறு எங்கங்க இருக்கு?"

சவரியம்மா திரும்பிப் பார்த்தாள். ஷோகேஸின் கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டிருந்த ஜெயகாந்தும் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேரும் கிருஷாந்தினியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குசினிக் கதவுக்குப் பின்னால இருக்கு" என்று கிருஷாந்தினி சொன்னாள்.